வைத்தியசாலையில் நிலைபேறு: கொழும்பில் பல்துறைப் பல்கலைக்கழக ஆய்வொன்றைத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

உலகில் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களில் ஏறத்தாழ 4.4 சதவீதம் சுகாதாரத் துறையிலிருந்து வருவதாக ‘ஹெல்த் கெயார் விதவுட் ஹார்ம்’ என்ற சர்வதேச அமைப்பும் ‘அரூப்’ பொறியியல் நிறுவனமும் 2019இல் கணக்கிட்டன. அந்தத் தொகையில் ஏறத்தாழ 71 சதவீதம், மருந்து, கையுறை, ஊசிக்குழல், உணவு, போக்குவரத்து முதலிய கொள்வனவுச் சங்கிலியைச் சேர்ந்தது. வைத்தியசாலையின் புகைபோக்கியையும் மின்பட்டியலையும் மட்டும் பார்ப்பவருக்கு அது தென்படாது.

இலங்கையில் இந்த விடயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குச் சற்று மேலே நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருள்களும் தட்டுப்பட்டதால் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. ஆகவே கொழும்பில் நிலைபேறு (சூழலையும் வளத்தையும் கெடுக்காமல் தொடர்ந்து இயங்கும் தன்மை) பற்றி ஆராய்பவர், மின்சாரமும் நீரும் அந்நியச் செலாவணியும் குறைந்த நாளிலும் சிகிச்சை தடையின்றி நடக்குமா என்ற கேள்வியையும் காபன் கணக்கோடு சேர்த்தே எடுக்க வேண்டும்.

பட்டப்பின்படிப்பு மாணவர்கள், இளம் விரிவுரையாளர்கள், ஆய்வில் கைகோர்க்க விரும்பும் வைத்தியசாலை நிர்வாகிகள் ஆகியோரை மனதில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. இத்துறையில் ஓர் ஆய்வு வென்றதா என்பதை அளக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, அந்த வைத்தியசாலை அடுத்த ஆண்டு அனுப்பும் கொள்வனவுக் கோரிக்கையிலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ அதனால் ஒரு வரியாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். பின்வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு வரியை நோக்கியே அமைக்கப்பட்டுள்ளன.

முதற்படி: கேள்வியை நோயாளர் விடுதியிலிருந்து எடுத்தல்

வைத்தியசாலைக்குள் எவரோ ஏற்கனவே முறைப்பாடு செய்துகொண்டிருக்கும் ஒன்றையே ஆய்வுக் கேள்வியாக எடுப்பது நல்லது. தொற்றுக்கழிவுக்கான மஞ்சள் பைகள் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகின்றன என்று விடுதிப் பொறுப்புத் தாதி சொல்வார். காலாவதியான மருந்துப் பெட்டிகளை எங்கே அடுக்குவது என்று களஞ்சியப் பொறுப்பாளர் கேட்பார். மின்பிறப்பாக்கியின் டீசல் செலவைப் பற்றிப் பராமரிப்புப் பிரிவு பேசும். இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும்போது மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: அளக்கக்கூடிய ஒரு பொருள் அங்கே இருக்கிறதா, முடிவை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் அந்தக் கட்டிடத்துக்குள் எவரிடமாவது இருக்கிறதா, எவ்வளவு சிறிய அளவிலேனும் நோயாளிக்குத் தீங்கு வரும் வழி உண்டா. இரண்டாவது கேள்விக்கு விடை ‘இல்லை’ என்றால், எவ்வளவு அழகான கேள்வியாயினும் விட்டுவிடுங்கள்.

பெரிய உமிழ்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு மயக்க மருந்து வாயுக்கள் நல்ல உதாரணம். டெஸ்ஃப்ளூரேன் என்ற வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன், நூறு ஆண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 2,540 மடங்கு. அதே வேலைக்குப் பயன்படும் செவோஃப்ளூரேனுக்கு அது ஏறத்தாழ 130. 240 மில்லிலீற்றர் கொண்ட ஒரு டெஸ்ஃப்ளூரேன் போத்தலில் ஏறத்தாழ 350 கிராம் திரவம் இருக்கும்; அது முழுவதும் வளிமண்டலத்துக்குப் போனால் 890 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.68 கிலோகிராம் வெளியாகும் என்பதை வைத்துப் பார்த்தால், கைக்குள் அடங்கும் அந்தப் போத்தல் 330 லீற்றர் டீசலுக்கு ஈடாகிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை இதன் வழக்கமான பாவனையை நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2026 ஜனவரி முதல் அதைக் கட்டுப்படுத்தியுள்ளது.

ஆயினும் வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு டெஸ்ஃப்ளூரேன் ஆய்வு என்று தலைப்புப் போடுவதற்கு முன்னர், நீங்கள் நுழையப்போகும் சத்திரசிகிச்சைக் கூடம் அதை வாங்குகிறதா என்று மயக்கமருந்து நிபுணரிடம் கேளுங்கள். வாங்காத இடத்தில் அந்த ஆய்வுக்கு வேலையே இல்லை. இன்னொரு மயக்க வாயுவான நைட்ரஸ் ஒக்சைட்டு வேறு கதை. அதன் ஒரு கிலோகிராம் 273 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமானது. வளிமண்டலத்தில் நூறு ஆண்டுக்கு மேல் நிற்கக்கூடியது. ஸ்கொட்லாந்தில் வைத்தியசாலைகளின் கொள்வனவுக் கணக்கையும் மருத்துவப் பாவனையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, குழாய் வழியே அனுப்பப்படும் வாயுவின் மிகப்பெரும் பகுதி நோயாளியை அடையாமல் கசிந்துபோவது தெரியவந்தது. உருளைகள் எத்தனை வந்தன, மயக்க மருந்துப் பதிவேட்டின்படி எவ்வளவு செலவானது என்ற இரண்டு எண்களை ஒப்பிடும் இதே வேலையைக் கொழும்பில் ஒரு மாணவர் பெரிய நிதியில்லாமலே செய்து முடிக்கலாம்.

இவ்வழிகாட்டியில் தொடர்ந்து எடுத்தாளும் உதாரணமாக இரத்தச் சுத்திகரிப்பு (டயலிசிஸ்) நீரை வைத்துக்கொள்வோம். சிறுநீரக நோயாளி ஒருவருக்கு நான்கு மணித்தியாலச் சிகிச்சையின்போது, நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் 120 லீற்றர் சுத்திகரிப்புத் திரவம் தேவைப்படுகிறது. அதற்கான தூய நீரைத் தருவது ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஒஸ்மோசிஸ்) இயந்திரம்; குழாய் நீரை நுண்சவ்வினூடாக அழுத்தி, உப்பு நீங்கிய நீரை ஒருபுறமும் உப்பு செறிந்த நீரை மறுபுறமும் அது பிரிக்கும். உள்ளே போவதில் பாதியே தூய நீராகக் கிடைக்கிறது என்று கொண்டால், ஒரு சிகிச்சைக்கு இன்னொரு 120 லீற்றர் நேரே வடிகாலுக்குப் போகிறது. நாளொன்றுக்கு 60 சிகிச்சை நடக்கும் ஒரு பிரிவில் அது 7,200 லீற்றர். நோயாளியின் உடலையோ இரத்தத்தையோ தொடாத நீர் அது.

இரண்டாம் படி: குழுவைச் சேர்த்தல்

இதற்கு வேண்டிய துறைகள் எல்லாம் கொழும்பிலும் அதை அடுத்த புறநகரிலும் கிடைக்கின்றன. 1870இல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் கின்ஸி வீதியில், தேசிய வைத்தியசாலையின் பக்கத்திலேயே இருக்கிறது. விஞ்ஞான, கலை, சட்ட, முகாமைத்துவ பீடங்கள் கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருக்கின்றன. பொறியியலும் கட்டிடக்கலையும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்த வளாகத்தில். நுகேகொடையில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகம். தூரம் தடையில்லை. தடையாவது ஒவ்வொரு பீடத்துக்கும் தனித்தனியே உள்ள பரீட்சை நாட்காட்டி. முதற் கூட்டத்திலேயே எல்லோருடைய பரீட்சை வாரங்களையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத குழுக்கள் ஓகஸ்ட் மாதத்தில் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

நமது உதாரணத்துக்குச் சிறுநீரக வைத்திய நிபுணர் ஒருவர், நீர்ச் சுத்திகரிப்பு அறிந்த இரசாயனப் பொறியியலாளர் ஒருவர், நுண்ணுயிரியலாளர் ஒருவர், செலவுக் கணக்கு அறிந்த பொருளியலாளர் ஒருவர், பணியாளரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த சமூகவியலாளர் ஒருவர் வேண்டும். இவர்களோடு பெயர்ப் பட்டியலில் வழக்கமாக விடுபட்டுப்போகும் மூவரையும் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும்: இயந்திரத்தைப் பராமரிக்கும் உயிர்மருத்துவத் தொழில்நுட்பவியலாளர், பிரிவின் பொறுப்புத் தாதி, கழிவையும் தரையையும் கையாளும் சிற்றூழியர்களின் மேற்பார்வையாளர். எந்த வால்வை மூடினால் எது நிற்கும் என்பதும், இரவுநேரப் பணிமாற்றத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதும் இவர்களுக்கே தெரியும். தரவு சேகரிக்க மட்டும் இவர்களைப் பயன்படுத்திவிட்டு நன்றியுரையில் ஒரு வரி போடுவது நேர்மையல்ல; பங்களிப்பு தகுமானால் இணை ஆசிரியராகப் பெயர் வர வேண்டும்.

யார் முதல் ஆசிரியர், தரவு யாரிடம் இருக்கும், வைத்தியசாலை விரும்பாத முடிவு வந்தால் அதை வெளியிடும் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் ஒரு பக்க உடன்படிக்கையாக எழுதி, தரவு கைக்கு வருவதற்கு முன்னரே கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். தரவு வந்த பிறகு எழுதப்படும் உடன்படிக்கை பெரும்பாலும் சச்சரவின் பதிவாகவே முடியும்.

மூன்றாம் படி: அலகையும் எல்லையையும் ஒப்புக்கொள்ளுதல்

பல்துறை ஆய்வுகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான், ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வைத்தியர் நோயாளியின் உயிர்பிழைப்பையும் தொற்று வீதத்தையும் எண்ணுவார். பொறியியலாளர் கிலோவாட் மணியையும் கனமீற்றரையும் எண்ணுவார். பொருளியலாளர் ரூபாயை எண்ணுவார். எல்லோருடைய எண்ணும் ஒரே பொருளுக்கு வகுக்கப்பட்டாலன்றி அவற்றை ஒரே அட்டவணையில் வைக்க முடியாது. வாழ்க்கைவட்ட மதிப்பீட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 14040 தரநிலை இதைச் செயல் அலகு என்கிறது. நமது உதாரணத்தில் அது ‘முழுமையாக நிறைவேறிய நான்கு மணித்தியாலச் சிகிச்சை ஒன்று’. ‘முழுமையாக நிறைவேறிய’ என்ற அடை முக்கியமானது. இடையில் நிறுத்தப்பட்ட சிகிச்சைகளையும் சேர்த்து வகுத்தால் நீர்ப் பாவனை குறைந்தது போலத் தோன்றும், உண்மையில் சிகிச்சையே குறைந்திருக்கும்.

அடுத்தது எல்லை. கணக்கு குழாய் வாயிலில் தொடங்குகிறதா, அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து நீர் இறைக்கும் மின்சாரத்தையும் சேர்க்கிறதா? வடிகட்டியும் இரத்தக் குழாய்த் தொகுதியும் எந்த நாட்டில் செய்யப்பட்டன என்பதை எடுக்கிறதா? நோயாளி முச்சக்கர வண்டியிலோ பஸ்ஸிலோ வந்து போகும் பயணம் உள்ளேயா, வெளியேயா? எல்லாவற்றையும் எடுக்க முதுமாணி ஆய்வொன்றின் காலம் போதாது. விட்டவற்றை விட்டதாக எழுதினால் போதும். விட்டதை மறைத்தால் மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துவிடுவார்.

மின்சாரத்தின் உமிழ்வுக் காரணியை ஐரோப்பியக் கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டக் கூடாது. இலங்கையில் ஓர் அலகு மின்சாரத்தின் உமிழ்வு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது: மலைநாட்டில் மழை நன்கு பெய்தால் நீர்மின் கூடிக் காரணி குறையும், வரட்சியில் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் எண்ணெய் நிலையங்களும் பாரத்தைச் சுமப்பதால் காரணி ஏறும். இலங்கை நிலைபெறுதகு சக்தி அதிகாரசபை வெளியிடும் ஆண்டறிக்கையில் உங்கள் அளவீட்டு ஆண்டுக்குரிய காரணியை எடுத்து, ஆண்டையும் குறிப்பிடுங்கள். மின்வெட்டு வேளையில் மின்பிறப்பாக்கி தந்த அலகுகளை வேறாகப் பிரித்து, டீசல் லீற்றரிலிருந்து கணக்கிடுவது அவசியம்.

இங்கே வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை மீளப் பயன்படுத்துவதால் மிச்சமாகும் காபன் மிகச் சிறியது. மயக்க மருந்து வாயுவோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதே அல்ல. அந்த ஆய்வின் பெறுமதி, நீர்த்தடை வரும் நாளில் வைத்தியசாலை தாங்கி நிற்பதிலும் நீர்க் கட்டணத்திலும் இருக்கிறது. நிதி வழங்குநரைக் கவர்வதற்காகக் காபன் எண்ணை முன்னால் தூக்கிப்பிடிப்பது பிறகு உங்களையே சங்கடப்படுத்தும்.

நான்காம் படி: அனுமதிகள்

மனிதரோடு அல்லது அவர்களுடைய சிகிச்சைப் பதிவோடு தொடர்புள்ள எதற்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அங்கீகாரம் வேண்டும். நீரை மட்டும் அளக்கிறோம் என்று நினைத்து இதைத் தவிர்ப்பவர்கள், பின்னர் நீரின் தரத்தையும் நோயாளிகளின் காய்ச்சல் பதிவையும் சேர்த்துப் பார்க்க விரும்பும்போது வழியில்லாமல் நிற்பார்கள்; பின்திகதியிட்ட அங்கீகாரத்தை எந்தக் குழுவும் தராது, நல்ல சஞ்சிகை எதுவும் ஏற்காது. மருத்துவ பீடத்தின் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது பொறியியல் பங்காளியின் பெயரையும் அவர் செய்யும் வேலையையும் அதிலேயே எழுதிவிட்டால், இரண்டு பல்கலைக்கழகங்களில் தனித்தனியே அலைய வேண்டிய நிலையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அதன் பிறகு நிறுவன அனுமதி. தேசிய வைத்தியசாலையும் போதனா வைத்தியசாலைகளும் மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றன. ஆதார வைத்தியசாலைகள் பலவும் பிரதேச வைத்தியசாலைகளும் மேல் மாகாண சபையின் கீழ் வருகின்றன. கடிதம் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. பணிப்பாளருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எத்தனை பேர், எந்த நேரத்தில், எந்த அறைக்குள் வருவார்கள், எந்த இயந்திரத்தைத் தொடமாட்டார்கள் என்பதே அவர் அறிய விரும்புவது. நோயாளிகளின் பெயரும் படுக்கைத் தலைச்சீட்டு இலக்கமும் நீக்கப்பட்டு, குறியீட்டு எண்ணோடு மட்டுமே தரவு வைத்தியசாலையை விட்டு வெளியேற வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்தியிருக்கிறது.

சம்மதப் படிவம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப் படிவத்தை அலுவலகத்தில் கிடைத்த ஒருவரிடம் கடைசி நாளில் கொடுத்து எழுதுவிப்பதுதான் வழக்கமாக நடப்பது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் நோயாளிகள் இரண்டொருவரிடம் வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் நெற்றி சுருங்குகிறதோ அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். சிற்றூழியர்களோடு நடத்தும் நேர்காணலுக்கும் இது பொருந்தும். அவர்களுடைய மேலதிகாரி அருகில் இருக்கும்போது நேர்காணல் வேண்டாம்.

ஐந்தாம் படி: அடிநிலை அளவீடு

மாற்றத்துக்கு முந்திய நிலையைக் காட்டும் இந்த அளவீட்டுக்கு விலையுயர்ந்த கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆர்.ஓ. அறைக்குள் போனால், நீல வடிகட்டி உறைகளுக்குப் பின்னால், சவ்வு உருளைகளின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் தரையிலுள்ள வடிகால் வாயை நோக்கி இறங்கியிருக்கும். நீர் நின்று நின்று ஓடும் இடத்தில் சீமெந்து வெளிறிப்போயிருக்கும். அந்தக் குழாயின் கீழ் 20 லீற்றர் வாளியொன்றை வைத்துக் கைபேசியில் நேரம் பிடியுங்கள். இரண்டரை நிமிடத்தில் வாளி நிரம்பினால் மணிக்கு 480 லீற்றர். காலை, மதியம், இரவு என்று மூன்று பணிமாற்றத்திலும் இதைச் செய்து, பிறகு நிரந்தர நீர்மானி பொருத்துங்கள். வாளிக் கணக்கும் மானிக் கணக்கும் பெரிதும் முரண்பட்டால் மானி பிழையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்.

நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் ஒவ்வொரு நாளும் பதிவு செய்ய வேண்டும். உள்ளே போகும் நீரில் பாதி பிரிந்தால், வெளியேறுவதில் உப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். வரட்சிக் காலத்தில் களனி கங்கையில் கடல்நீர் அம்பத்தளை வரை ஏறிவருவதுண்டு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதைத் தடுக்க ஆற்றின் குறுக்கே உவர்த்தடுப்பு அமைத்திருக்கிறது. லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து நீர் பெறும் பகுதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் வைத்தியசாலைக்கு எங்கிருந்து நீர் வருகிறது என்று அறியாமல் ஆண்டு முழுவதற்குமான முடிவைச் சொல்லிவிடக் கூடாது.

காலத்தைத் தெரிவு செய்வதும் அவ்வாறே. மேல் மாகாணத்தில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியும் ஆண்டின் கடைசியிலும் டெங்கு உச்சத்துக்கு ஏறி விடுதிகள் நிரம்பிவழியும். ஏப்ரல் புத்தாண்டு வாரத்திலும் வெசாக் வாரத்திலும் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் குறைந்துவிடும். இவற்றுள் ஒன்றை அடிநிலையாகவும் இன்னொன்றை ஒப்பீடாகவும் எடுத்தால், உங்கள் திட்டம் வென்றதாகவோ தோற்றதாகவோ நாட்காட்டி தானே முடிவு சொல்லிவிடும்.

உங்கள் கேள்வி கழிவைப் பற்றியதானால், அளவீடு ஆபத்தானது என்பதை மறவாதீர்கள். வைத்தியசாலைக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் சாதாரணக் கழிவு, மிகுதி 15 சதவீதமே அபாயமானது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஆயினும் மஞ்சள் பையைத் திறந்து பார்ப்பவர் அந்த 15 சதவீதத்துக்குள்தான் கையை விடுகிறார். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போடாத மாணவரை அனுப்பக் கூடாது. துளைபடாத கையுறையும் நீண்ட இடுக்கியும் வேண்டும். சிவப்புக் கோடிட்ட கூர்ப்பொருள் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது, மூடியபடியே நிறுத்துக் குறிக்க வேண்டும். பையைப் பிரித்து அடுக்கும்போது கையுறை உறைகளும் சேலைன் போத்தல் சுற்றிவந்த பிளாஸ்ரிக் தாள்களும் கிடைக்கும். மதியச் சோற்றுப் பார்சலின் லஞ்ச் ஷீட், பருப்பு ஒட்டியபடியே, அடியில் மடங்கிக் கிடக்கும். விடுதியில் சாதாரணக் கழிவுக்கான கறுப்புப் பை வைத்த இடம் படுக்கையிலிருந்து எத்தனை அடி தூரம் என்று அளந்து பாருங்கள். பயிற்சிப் பட்டறைகளைவிட அந்தத் தூரம் அதிகம் விளக்கிவிடும் என்பது என் எண்ணம். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியின் துணையின்றி இந்தத் தணிக்கையைத் தொடங்கவே வேண்டாம். கழிவு வளாகத்தை விட்டு வெளியேறும் வழியையும் பின்தொடர்வதாயின், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி, ஏற்றிச்செல்பவரிடம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஆறாம் படி: மாற்றத்தை வடிவமைத்தல்

இங்கே முதல் விதி, நோயாளியின் பாதுகாப்பைக் காட்டும் ஓர் அளவையை வள மிச்சத்தைக் காட்டும் அளவைக்குப் பக்கத்திலேயே வைத்துத் தொடர்ந்து கண்காணிப்பது. எந்த எண்ணைத் தாண்டினால் மாற்றம் அன்றே நிறுத்தப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி, அதை நிறுத்தும் அதிகாரத்தை ஆய்வாளரிடமன்றிச் சிகிச்சைப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

நமது உதாரணத்தில், ஆர்.ஓ. கழிவுநீரைத் தாங்கியில் சேர்த்து மலசலகூடத்துக்கும் சலவைக்கும் தரை கழுவுவதற்கும் அனுப்புவதே மாற்றம். அவுஸ்திரேலியாவில் இது நெடுநாளாக நடைமுறையில் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆர்.ஓ. இயந்திரத்துக்கு முன்னால் உள்ள காபன் (கரி) வடிகட்டி நீரிலுள்ள குளோரீனையும் குளோரமீனையும் அகற்றிவிடுகிறது. குளோரமீன் நோயாளியின் இரத்தத்தை அடைந்தால் செங்குருதிக் கலங்கள் சிதையும் என்பதால் அந்த வடிகட்டி தவிர்க்க முடியாதது. அதனாலேயே வெளியேறும் கழிவுநீரில் கிருமிநாசினி எதுவும் மிஞ்சாது; கொழும்பு வெப்பத்தில் மூடிய தாங்கிக்குள் ஓரிரு நாள் நின்றாலே நுண்ணுயிர் பெருகும். தாங்கி சிறியதாகவும், ஒரு நாளுக்குள் வெறுமையாவதாகவும், வேறு நிறக் குழாயோடும், குடிநீர்க் குழாயோடு எங்கும் இணைப்பில்லாததாகவும் இருக்க வேண்டும். நோயாளியிடமிருந்து வரும் பயன்படுத்திய திரவம் முற்றிலும் வேறானது. அது கழிவுக் குழாய்க்கே போக வேண்டும். இந்த இரண்டு குழாய்களும் ஒரே சுவரில் அருகருகே ஓடுவதால், பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் குழாயின் மீதே ஒட்டப்பட வேண்டும்.

கட்டிடக்கலைத் துறையோடு சேர்ந்து காற்றோட்டத்தை ஆராய்பவர்களுக்கும் ஒரு சொல். கொழும்பின் பழைய வைத்தியசாலைக் கட்டிடங்களில் உயர்ந்த கூரையும் இருபுறமும் திறக்கும் யன்னலும் கொண்ட விடுதிகள் இன்னும் இருக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டல், இயற்கைக் காற்றோட்டம் உள்ள பொது விடுதியில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லீற்றரும், காற்றால் பரவும் நோய்க்கான அறையில் 160 லீற்றரும் வேண்டும் என்கிறது. குளிரூட்டி பொருத்துவதற்காக அந்த யன்னல்களை மூடும்போது மின்கட்டணம் ஏறும், வெளிக்காற்றும் நின்றுவிடக்கூடும். அதேவேளை யன்னல் திறந்திருந்தால் நுளம்பும் வீதி இரைச்சலும் உள்ளே வரும். டெங்கு நோயாளி படுத்திருக்கும் விடுதியில் நுளம்பு சிறிய விடயமல்ல. வலையடித்தால் காற்று எவ்வளவு குறைகிறது என்று அளப்பதே ஒரு முழுமையான ஆய்வு.

ஒப்பீட்டு முறையில், மாற்றத்துக்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம் என்று நிறுத்திக்கொள்வது போதாது. வாரந்தோறும் எடுத்த அளவீடுகளை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தொடராக வைத்து, போக்கு ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்ததா என்று பார்க்கும் இடையறுத்த காலத்தொடர் முறை இத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமானது. பல விடுதிகள் கிடைத்தால், மாற்றத்தை ஒன்றன்பின் ஒன்றாக அறிமுகப்படுத்துவது இன்னும் உறுதியான சான்றைத் தரும்.

ஏழாம் படி: பணக் கணக்கு

கொள்வனவு விலையை மட்டும் பார்க்காமல், பொருளின் ஆயுள் முழுவதற்குமான செலவைக் கணக்கிடுங்கள்: வாங்குதல், மின்சாரம், நீர், பராமரிப்பு, உதிரிப்பாகம், கடைசியில் அகற்றுதல். இறக்குமதிப் பொருளுக்கு டொலர் பெறுமதி மாறும்போது முடிவு தலைகீழாகிறதா என்று இரண்டு மூன்று மாற்றுவீதங்களில் சோதித்துப் பார்ப்பது 2022க்குப் பிறகு தவிர்க்க முடியாதது. அரச வைத்தியசாலையில் மூலதனச் செலவும் மீண்டெழும் செலவும் வேறு வேறு ஒதுக்கீட்டிலிருந்து வருகின்றன. நீர்க் கட்டணத்தில் மிஞ்சும் பணம் அந்தப் பிரிவின் கையில் வந்து சேராது. ஆகவே தாதியருக்கோ தொழில்நுட்பவியலாளருக்கோ இந்த மாற்றத்தால் வேலை கூடுகிறதா குறைகிறதா என்பதைத் தனி நிரலாகக் காட்டுங்கள். பணம் ஓரிடத்திலும் வேலைப்பளு இன்னோரிடத்திலும் போய்ச் சேரும் திட்டம் ஆய்வாளர் கிளம்பிய மாதமே நின்றுவிடும்.

எட்டாம் படி: எழுதுதலும் ஒப்படைத்தலும்

சஞ்சிகைக் கட்டுரைக்கு முன்னர் மூன்று தாள்களை எழுதுங்கள். முதலாவது, விடுதிப் பணியாளருக்கு, சிங்களத்திலும் தமிழிலும், அவர்கள் அளந்த எண்களோடு ஒரு பக்கம். இரண்டாவது, பணிப்பாளருக்கு, செலவும் ஆபத்தும் தேவையான முடிவும் கொண்ட இரண்டு பக்கம். மூன்றாவது மிகக் கடினமானது: கொள்வனவுப் பிரிவு அப்படியே எடுத்து விலைமனுக் கோரலில் சேர்க்கக்கூடிய விவரக்குறிப்பு வாக்கியங்கள். ‘சூழலுக்கு உகந்த இயந்திரம்’ என்று எழுதினால் அது எவரையும் கட்டுப்படுத்தாது, ‘ஆர்.ஓ. இயந்திரம் உள்வரும் நீரில் குறைந்தது இத்தனை சதவீதத்தைத் தூய நீராகத் தர வேண்டும், கழிவுநீர் வெளியேறும் வாயில் தனி மானியோடு இருக்க வேண்டும்’ என்று, உங்கள் அளவீட்டிலிருந்து வந்த எண்ணோடு எழுத வேண்டும்.

கொள்வனவு வழியாகச் சுகாதாரத்தை மாற்றும் இந்த எண்ணம் இலங்கைக்குப் புதிதன்று. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1970களின் தொடக்கத்தில், 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, தேவையான மருந்துகளைப் பட்டியலிட்டு, வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் மொத்தமாக வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். தேவையற்ற மருந்தை வாங்காமல் விடுவது அன்று அந்நியச் செலாவணியைக் காக்கும் வழி. களஞ்சியத்தில் காலாவதியாகும் பெட்டிகளை எண்ணும் இன்றைய ஆய்வாளருக்கும் அதுவே முதல் வழி. ஒக்ஸ்ஃபோர்ட்டிலுள்ள ‘சென்ரர் ஃபோர் சஸ்டெய்னபிள் ஹெல்த்கெயார்’ தன் கொள்கையில் நோய்த்தடுப்பை முதலிலும் குறைந்த காபன் மாற்றுப்பொருளைக் கடைசியிலும் வைத்திருப்பதன் காரணமும் ஏறத்தாழ அதுவே.

ஒப்படைத்தலில், மானியை வாசிப்பவர் யார், அவர் விடுமுறையில் போனால் யார், பதிவேடு எந்த அலுமாரியில், தாங்கியைக் கழுவும் நாள் எது, நீர்மாதிரி எந்த ஆய்வுகூடத்துக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும், சவ்வு மாற்றும் செலவு எந்த ஒதுக்கீட்டில் என்பவற்றைப் பெயரால் அன்றிப் பதவியால் குறித்து, பணிப்பாளரும் பீடாதிபதியும் கையொப்பமிட வேண்டும். இடமாற்றம் அரச சேவையில் வழமை. ஒரு வருடம் கழித்து மீண்டும் அளக்கும் திகதியையும் அந்தத் தாளிலேயே எழுதி, அதை அடுத்த தொகுதி மாணவர் ஒருவரின் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகத் துறைத் தலைவரிடம் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யாத மீளளவீடு நடப்பதில்லை.